புது வண்டி யாருக்கு, பழைய வண்டி யாருக்கு?

நீளமான த்ரெட்தான். வீட்டுல ஒரு பழைய பைக் நிக்குது, மாத்தலாமா வேண்டாமான்னு யோசனை ஓடிக்கிட்டு இருக்குன்னா உக்காந்து படிங்க.

2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்குமான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 சதவீதமாகக் குறைஞ்சுது. அதுக்கப்புறம் ஓ.பி.யில சுகர் ரிப்போர்ட்டை நீட்டுற கையோட, "டாக்டர், வண்டிய மாத்தலாம்னு இருக்கேன், என்ன சொல்லுதீய?"ன்னு கேக்குறவங்க கூடிட்டாங்க. இது டாக்டர்கிட்ட கேக்குற கேள்வியான்னு உங்களுக்குத் தோணலாம். என்னைக் கேட்டா, எங்ககிட்டதான் முதல்ல கேக்கணும். ஷோரூம்ல மைலேஜ் சொல்வாங்க, மாசத் தவணை சொல்வாங்க. குறுக்கே ஒரு மாடு வந்த அந்த ரெண்டு செகண்டுல வண்டி என்ன செஞ்சுதுங்கிற கணக்கு எங்க கேஷுவாலிட்டிக்குத்தான் வந்து சேருது.

முதல்ல ஆர்.சி. புக்கை எடுத்து, வண்டி தயாரான மாசம், வருஷத்தைப் பாருங்க.

2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டின்னா ஹெட்லைட் பகல்லயும் தானா எரியும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்துச்சு, கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல, 2019 ஏப்ரல் 1-ல ஒண்ணு நடந்துச்சு. உங்க மண்டைக்கும் எலும்புக்கும் சம்பந்தப்பட்ட தேதி அதுதான். அன்னையில இருந்து 125 சிசிக்கு மேல விக்கிற எல்லா பைக்கிலயும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். 125-ம் அதுக்குக் கீழயும்னா ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ், ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும்.

ஆக, 2021 மாடல் புல்லட்டோ பல்சரோ வச்சுக்கிட்டு 2025 மாடல் வேணும்னு ஆசைப்படுறவங்களுக்கு என் பதில்: வேண்டாம். புது கலரும் புளூடூத் மீட்டரும் உங்களை எந்த விபத்துல இருந்தும் காப்பாத்தப் போறதில்ல. அந்தப் பணத்துல ஒரு சின்னப் பங்கை எடுத்து டயரை மாத்துங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் அச்சடிச்சிருக்கும். 2316-னு இருந்தா 2016-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். கட்டை தேயலையே சார்ம்பாங்க. தேயாட்டியும் வருஷம் ஆக ஆக ரப்பர் இறுகிப்போகும். இறுகின டயர் ஈர ரோட்டுல பிடிக்காது.

2014 மாடல் 150 சிசி வச்சிருக்கீங்களா? மாத்துங்க. கையில காசு இல்லன்னா 2019-க்கு அப்புறம் வந்த செகண்ட் ஹேண்ட் ஏபிஎஸ் வண்டியாவது பாருங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? டயர் உருண்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் ஹேண்டில் பார் சொல்றதைக் கேக்கும். பதறிப்போய் பிரேக்கை இறுக்கினா சக்கரம் சுத்துறது நின்னுபோகும், ஆனா வண்டி நிக்காது, வழுக்கிக்கிட்டே போகும். கார்னா நாலு சக்கரம் தாங்கும். பைக்ல முன்சக்கரம் பூட்டிக்கிட்டா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கீழ கிடப்பீங்க. ஏபிஎஸ் உள்ள வண்டியில சக்கரத்துக்கிட்ட ஒரு சென்சார் இருக்கு. சக்கரம் பூட்டப் போகுதுன்னு தெரிஞ்சதும் பிரேக்கைச் செகண்டுக்குப் பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். நீங்க இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஒதுங்கவும் முடியும்.

அப்படி விழுந்து வர்றவங்கள்ல காறை எலும்பு மட்டும் உடைஞ்சவங்களை நாங்க அதிர்ஷ்டசாலின்னு சொல்லுவோம். முக்கால்வாசிப் பேருக்குக் கையைத் தூளி கட்டி வச்சா சில வாரத்துல கூடிடும். விழுந்த வேகத்துலயே வழுக்கிப் போய் நிக்கிற லாரியோட பின்பக்கத்துல மோதுறவங்க நிலைமை வேற.

அமெரிக்காவுல ஐஐஎச்எஸ்-னு இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணத்துல நடக்குற ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கு. ஒரே மாடல் பைக்குகள்ல ஏபிஎஸ் இருக்கிறது, இல்லாததுன்னு பிரிச்சுப் பார்த்தாங்க. ஏபிஎஸ் இருந்த வண்டிகள்ல உயிர் போகிற விபத்து 22 சதவீதம் குறைவு. அந்த ஊர் ரோடு வேற, நம்ம நாங்குநேரி நாலுவழிச்சாலை வேற, அதே எண் இங்க அப்படியே வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பிரேக் அறிவியல் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான்.

நம்ம பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. "முன் பிரேக்கைப் பிடிக்காதலே, தூக்கி அடிச்சிரும்"னு சொல்லித்தான் வண்டியே பழக்குறோம். பிரேக் பிடிக்கும்போது மொத்த எடையும் முன்னாடி சாயுது, அதனால வண்டியை நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன் பிரேக்கோடதுதான். பின் பிரேக்கை மட்டும் மிதிச்சுப் பழகினவன், பாதி பிரேக்கை வீட்டுல விட்டுட்டு வந்தவன். சின்ன ஏபிஎஸ் வண்டிகள்ல முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் இருக்கும், சிங்கிள் சேனல்னு சொல்லுவாங்க. "ஒரு சக்கரத்துக்குத்தானே"ன்னு அதைத் தள்ளிவிடாதீங்க. அந்த ஒரு சக்கரம்தான் முக்கியம்.

(நம்ம நாட்டுக் கம்பெனி பைக்ல ஏபிஎஸ் முதல்ல வந்தது 2011-ல, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 180-ல. அந்த டிவிஎஸ் சுந்தரம் அய்யங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர். சும்மா பெருமைக்குச் சொன்னேன். அதுக்காக அந்த வண்டியத்தான் வாங்கணும்னு இல்ல.)

இனி 100 சிசி வண்டிக்காரங்க. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல், எந்த டீக்கடை வாசல்ல பார்த்தாலும் நிக்கிறதுல பாதி இதுதான். 1994-ல வந்த ஸ்பிளெண்டர் இன்னிக்கும் ஓடுது. 2015 மாடலைக் குடுத்துட்டு அதையே புதுசா எடுத்தா சிபிஎஸ் கிடைக்கும். பின் பிரேக்கை மிதிச்சா முன் பிரேக்கும் கூடச் சேர்ந்து கொஞ்சம் பிடிக்கும். நல்லதுதான், ஆனா அது சக்கரம் பூட்டுறதைத் தடுக்காது. "புது வண்டி, அதனால பிரேக்கும் புது டெக்னாலஜி"ன்னு நம்பி ஏமாறுறது இங்கதான். 125-க்குள்ளயே ஏபிஎஸ்ஸோட வண்டிகள் வந்தாச்சு. 2022 டிசம்பர்ல பிளாட்டினா 110-ல வந்துச்சு, 2024 ஜனவரியில எக்ஸ்ட்ரீம் 125ஆர்-ல வந்துச்சு. ஷோரூம்ல போய் "ஏபிஎஸ் வேரியன்ட்"னு வாய்விட்டுக் கேட்டாத்தான் காட்டுவாங்க.

இதெல்லாம் யூடியூப்லயும் சொல்லுவாங்க. நான் எழுத உக்காந்ததுக்குக் காரணம் வேற. பழைய வண்டி எங்க போகுது?

எக்ஸ்சேஞ்சுல போட்டா அடிமாட்டு விலை கேக்குறாங்க. "இதுக்குக் குடுக்கிறதுக்கு நம்ம தம்பி ஓட்டட்டும்", "பையன் காலேஜுக்குக் கொண்டுபோவான்"னு வீட்டுலயே நின்னுடுது. நம்ம வீடுகள்ல புது வண்டி சம்பாதிக்கிற ஆளுக்கு, பழசு அடுத்த ஆளுக்கு. சட்டை, சைக்கிள் கைமாறுற மாதிரியே வண்டியும் கைமாறுது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. அப்பாவுக்கு வயசு 48. இருபத்தஞ்சு வருஷமா வண்டி ஓட்டுறார். வீட்டுல இருந்து வண்ணார்பேட்டை, வண்ணார்பேட்டையில இருந்து வீடு, முப்பதுக்கு மேல முள்ளு ஏறாது. மழை வந்தா ஓரங்கட்டி நின்னு ஒரு டீ குடிச்சுட்டுத்தான் கிளம்புவார். அவருக்கு ஏபிஎஸ். மகனுக்கு வயசு 19. லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம். பின்னாடி ஒரு சிநேகிதன், நாலுவழிச்சாலை, ஐப்பசி மழை. அவனுக்குப் பத்து வருஷத்துக்கு முந்தின வண்டி, இறுகிப்போன டயர், பூட்டிக்கிற பிரேக். வீட்டுல அனுபவம் குறைஞ்ச ஆள்கிட்ட ஆபத்து கூடின வண்டியக் குடுக்கிறோம், அதுக்குப் பேர் சிக்கனம்.

கேஸ் ஷீட்டுல பேஷன்ட் வயசு 19-னு எழுதுவோம். வண்டியோட வயசை எழுத அதுல இடம் இல்ல. அப்பா பின்னாலேயே பதறி ஓடி வருவார், தன்னோட புது வண்டியில. சீட்டு மேல போட்ட பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிச்சிருக்க மாட்டார். இதை நான் ஒரு தடவை பார்த்திருந்தா எழுதியிருக்க மாட்டேன்.

அதனால நான் சொல்றது: புது ஏபிஎஸ் வண்டிய மகன்கிட்ட குடுங்க. பழச நீங்க ஓட்டுங்க. நீங்க ஏற்கனவே அதோட குணம் தெரிஞ்சவங்க, எங்க வழுக்கும், எவ்வளவு தூரம் தள்ளிப் பிரேக் பிடிக்கணும்னு கைக்கே தெரியும்.

இதைச் சொன்னா ஓ.பி.யில சிரிப்பாங்க. "புதுச அவன் கையில குடுத்தா ஒரே மாசத்துல உரசிக் கொண்டாந்துருவான் டாக்டர்." உரசட்டுமே, பெயின்ட்தானே. "புது வண்டி குடுத்தா இன்னும் முறுக்குவான்"னு சில தாய்மார் சொல்றாங்க. இது நியாயமான பயம். அதுக்குத்தான் 200, 250-ன்னு போகாம 125-ல ஏபிஎஸ் எடுங்கன்னு சொல்றேன். பொம்பளைப் பிள்ளைக்கு வாங்கினாலும் இதே கணக்குதான். பதினெட்டு ஆகாத பிள்ளைக்குப் புதுசும் கிடையாது, பழசும் கிடையாது. 2019 சட்டத் திருத்தப்படி பிள்ளை ஓட்டினா பெத்தவங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரை ஜெயில்.

பழைய வண்டிக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ள வந்தப்போ எத்தனையோ வண்டி முங்கிச்சு. கார்புரேட்டர் வண்டின்னா தெரு மெக்கானிக்கே பிரிச்சு, கழுவி, ஆயிலை மாத்தி உதைச்சுக் கிளப்பிருவார். இன்ஜெக்‌ஷன் வண்டியில தண்ணி கம்ப்யூட்டருக்குள்ள போனா பர்ஸ் கிழியும். ஆத்துக்குப் பக்கத்துல வீடு இருந்தா, புது வண்டிக்கு மழைக்காலத்துல மேடான இடமும், வெள்ளச் சேதத்தையும் சேர்த்த இன்சூரன்ஸும் பார்த்து வச்சுக்கோங்க. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டா வெள்ளத்துக்கு நயா பைசா வராது. முங்கின வண்டியச் சாவி போட்டுக் கிளப்பவும் கூடாது.

ஏபிஎஸ் மந்திரமும் கிடையாது. கார், பிசானம் அறுப்பு நேரத்துல பத்தமடையில இருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும் ரோட்டுல வைக்கோலும் நெல்லும் காயும். அது மேலயும், சிதறின மணல் மேலயும் ஏபிஎஸ் வண்டி நிக்கக் கொஞ்சம் கூடுதல் தூரமே எடுக்கலாம். அங்க வேகத்தைக் குறைக்கிறது ஒண்ணுதான் வழி.

ஹெல்மெட்டைச் சொல்லாம விட்டா நான் டாக்டரே இல்ல. 2022-ல ஹெல்மெட் போடாம இந்தியாவுல செத்தவங்க 50,029 பேர்னு மத்திய அரசு கணக்கு. அதுல 14,337 பேர் பின்னாடி உக்காந்து போனவங்க. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, ஹெல்மெட் போட்டா மரண ஆபத்து 42 சதவீதம் குறையுதுன்னு சொல்லுது. பட்ஜெட்டுல ஏபிஎஸ், ஹெல்மெட் ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா, ஹெல்மெட். ரெண்டு ஹெல்மெட்.

வண்டிய டெலிவரி எடுத்த முதல் ஞாயித்துக்கிழமை காலையில மகனை ஒரு காலி மைதானத்துக்கோ ஆளில்லாத ரோட்டுக்கோ கூட்டிட்டுப் போங்க. முப்பதுல வரச் சொல்லி, ரெண்டு பிரேக்கையும் ஒண்ணா இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. லீவர் கையில, இல்ல பெடல் கால்ல, டகடகன்னு துடிக்கும். முதல் தடவை பயந்து விட்டுருவான். அது ரிப்பேர் இல்ல, ஏபிஎஸ் வேலை செய்யுதுன்னு சொல்லி நாலஞ்சு தடவை பழக்குங்க. மீட்டர்ல ஏபிஎஸ்னு ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். சாவி போட்டதும் எரியும், வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணையணும். அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா பிரேக் பிடிக்கும், ஏபிஎஸ் இருக்காது. அன்னிக்கு அவனை பஸ்ல அனுப்பிட்டு வண்டிய சர்வீஸுக்கு விடுங்க.