சவுக்கு இன்சார்ஜ்!

டிசம்பர் 24 சாயங்காலம், ஆவடி லோக்கலில் ஆளுயர சவுக்குக் கிளையோடு ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஏறினேன்.

'சார், மரம் எந்த ஸ்டேஷன்ல இறங்குது?' என்றார் ஒருவர்.

'அண்ணனூர்' என்றேன்.

கிளை எனக்கில்லை, எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு. வருஷாவருஷம் கொண்டுவருபவர் அவர் வீட்டுக்காரர். ஜூலையில் காலமாகிவிட்டார். 'இந்த வருஷம் ஒண்ணும் வேணாம்ப்பா' என்று சொல்லியிருந்தார் டீச்சர்.

ஒரு விஷயம். கிறிஸ்துமஸ் மரமான பைனுக்கும் சவுக்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பைன் பூக்காத ஜாதி. சவுக்கு பூக்கிற ஜாதி. சவுக்கில் ஊசி மாதிரி தெரிவது இலையே அல்ல, பச்சைக் குச்சி. நிஜ இலை, கணுவுக்குக் கணு துளியூண்டு செதில். ஆனாலும் நம்ம ஊரில் பைன் லீவு, சவுக்குதான் இன்சார்ஜ்!

வாடாமலிருக்க, அடியைச் சாய்வாகச் சீவி, ஈரமணல் வாளியில் நட்டேன். அம்மா, பெருமாளுக்கு வாங்கிய சாமந்திச் சரத்தில் இரண்டு முழம் கொடுத்தனுப்பினாள். சுற்றிவிட்டேன்.

டீச்சர் ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தார். எனக்கு உதறல். கேட்காமல் செய்துவிட்டோமோ?

'அவர் எப்பவும் கொஞ்சம் கோணலாத்தான் நடுவார்' என்று கிளையை லேசாகச் சாய்த்தார். பிறகு உள்ளே போய், பரணிலிருந்த நட்சத்திரத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

'உனக்கு எட்டும். கட்டுப்பா.'