கதவுக்கு மூன்று பூட்டு. குழாயை எட்டிப் பார்க்கவும் ஆளில்லை!

— நமது நிருபர்

திண்டுக்கல்:

நான் போலீஸ் ஸ்டேஷன் செய்தி எழுதுகிறவன். பூட்டை உடைத்து நகை திருட்டு, பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட், மோட்டார் சைக்கிள் மாயம். இதுதான் தினசரி என் பிழைப்பு. இன்று எழுதப்போவதும் ஒரு திருட்டுதான். ஆனால் புகார் கொடுக்க முடியாத திருட்டு.

சம்பவம் நடந்த இடம்: என் வீடு. களவு போன பொருள்: குடிதண்ணீர். நேரம்: இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. திருடன்: பின்கட்டுக் குழாயில் இருந்த தேய்ந்துபோன ஒரு வாஷர்!

சிரிக்காதீர்கள். ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. சொட்டு... சொட்டு... விநாடிக்கு ஒன்று. எழுந்துபோய் குழாயடியில் வாளியை வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் வாளியில் ஏழு லிட்டர்!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. குழாயில் சொட்டுகிற சொட்டு சுமார் நாலாயிரம் சேர்ந்தால் ஒரு லிட்டர். ஆக, ஒரு நாளைக்கு இருபது லிட்டருக்கு மேல். மாதத்துக்கு அறுநூறு லிட்டருக்கு மேல். அத்தனையும் சாக்கடைக்கு!

அந்த வாஷரை மாற்ற எவ்வளவு ஆனது தெரியுமா? ஒரு டீ, ஒரு வடை சாப்பிடுகிற காசு.

எங்கேயிருந்து வருகிற தண்ணீர்?

திண்டுக்கல்காரனுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அதற்குக் காவலாகக் கல்லை வைத்துவிட்டுப் போன ஊர் இது. ஆத்தூர் காமராஜர் அணை, பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று பல திசையிலிருந்தும் கொண்டுவந்து ஊற்றினால்தான் ஊருக்குத் தொண்டை நனைகிறது.

நிலத்தடித் தண்ணீரை நம்பலாம் என்றால் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. தோல் ஷாப் கழிவு வேறு. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டதே, அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டத்துத் தொழிற்சாலைகளும் இருந்தன. மண்ணுக்கடியில் இருந்த தண்ணீரை நாமே கெடுத்துக்கொண்டோம். வெளியூரிலிருந்து வருகிற தண்ணீரையாவது ஒழுங்காக வீட்டுக்குள் கொண்டுவருகிறோமா?

அங்கேதான் கதையே இருக்கிறது.

சாக்கடைக்குள் ஒரு குழாய்

நீங்கள் கடைக்காரராக இருக்கலாம், ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கலாம். நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தெருக் குழாயிலிருந்து உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வருகிற இணைப்புக் குழாய் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்.

பல வீடுகளில் அது சாக்கடையைக் கடந்துதான் வருகிறது. சில இடத்தில் சாக்கடைக்கு மேலே. பல இடத்தில் சாக்கடைத் தண்ணீரிலேயே குளித்துக்கொண்டு! பழைய இரும்புக் குழாய் என்றால் சாக்கடையில் கிடந்து துருப்பிடித்து, ஊசிமுனை ஓட்டை விழுந்திருக்கும். பிளாஸ்டிக் குழாய் என்றால் சாக்கடை அள்ளுகிற மண்வெட்டி பட்டு விரிந்திருக்கும்.

"உள்ளேயிருந்து தண்ணி வேகமா வருது. வெளியே இருக்கிற அழுக்கு எப்படிய்யா உள்ளே போகும்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். குழாய் ரிப்பேர் பார்க்கிற ஒரு பெரியவர் விளக்கினார்.

"தம்பி, தண்ணி வர்ற நேரத்துல நீ சொல்றது சரி. ஓட்டை வழியா வெளியேதான் பீச்சும். நம்ம ஊர்ல தண்ணி தெனமும் இருபத்துநாலு மணி நேரமுமா வருது? தண்ணியை நிறுத்துனதும் குழாய் காலியாகுது. காலியான குழாய் சும்மா இருக்காது, உறிஞ்சும். அந்த ஓட்டை சாக்கடைக்குள்ள இருந்தா எதை உறிஞ்சும்? நீயே சொல்லு."

திக்கென்றது எனக்கு. மறுபடி தண்ணீர் திறந்துவிடும்போது முதலில் நம் குடத்தில் வந்து விழுவது அந்தச் சரக்குதான்!

எங்கள் தெருவில் நடந்தது

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஏழு வயசுப் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். பதினைந்து நாள் பள்ளிக்கூடம் இல்லை. கீழாநெல்லியும் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் அலைந்தார்கள். அந்த அம்மா வாசலில் நின்று அழுதபோது நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் திட்டியது யாரை? முனிசிபாலிட்டியைத்தான். 2014ல் மாநகராட்சி ஆகிவிட்டாலும் திட்டும்போது நமக்கு அது இன்னும் முனிசிபாலிட்டிதான்!

நானும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு செய்தி எழுதக் கிளம்பிவிட்டேன். அதே பெரியவர்தான் சாக்கடை மூடியிருந்த கல்லை நெம்பிப் பார்த்தார். அந்த வீட்டுக்குப் போகிற குழாயில், சாக்கடைக்கு நட்டநடுவே ஒரு ஜாயிண்ட். அதைச் சுற்றி சைக்கிள் டியூப் துண்டு. எப்போதோ, யாரோ, அவசரத்துக்குச் சுற்றிய டியூப். அது நைந்துபோய்த் தொங்கியது.

அதனால்தான் காமாலை வந்தது என்று எந்த டாக்டரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. நானும் அப்படி அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குழாய்த் தண்ணீரை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா?

வெட்கத்தை விட்டு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தப் பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, உங்க வீட்டுல மோட்டாரை எங்கே மாட்டியிருக்கீங்க?" என்றார்.

எனக்கு நாக்கு எழவில்லை. தெருக் குழாய் இணைப்பிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. "எல்லாரும்தான் வைக்கிறாங்க, நாம வைக்கலேன்னா சொட்டுத் தண்ணி வராது" என்பது எங்கள் அம்மாவின் நியாயம். அதிகாரிகள் மோட்டார் பறிமுதல் செய்த செய்தியை நானே எழுதியிருக்கிறேன். என் வீட்டு மோட்டாரைப் பற்றி எழுதியதில்லை!

மோட்டார் வைத்து இழுத்தால் அக்கம்பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத சங்கதி இதுதான்: தெருவில் எங்கே ஓட்டை இருந்தாலும் அதன் வழியாகச் சாக்கடையை அந்த மோட்டார் இழுத்துக்கொண்டு வரும். என் வீட்டு மோட்டார் அந்தப் பையன் வீட்டு ஓட்டையை உறிஞ்சியிருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

மோட்டாரைக் கழற்றிவிட்டோம். இப்போது தண்ணீர் தானாக வந்து தரைத்தொட்டியில் விழுகிறது. தொட்டியிலிருந்து மேல் டேங்குக்கு ஏற்றத்தான் மோட்டார். தொட்டி நிறைய நேரமாகிறது. ஆகட்டும்!

பணக்கார ஊரிலும் இதே கதி

"நம்ம ஊர் லட்சணம் இது. வெளிநாட்டிலே இப்படியா?" என்று சிலர் கேட்பார்கள். கேளுங்கள் கதையை.

1933ல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் பிரம்மாண்டமான உலகப் பொருட்காட்சி. வந்தவர்களில் பலர் பெரிய பெரிய ஹோட்டல்களில் தங்கினார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு வயிற்றுக்கடுப்பு. விசாரித்தால், அடுத்தடுத்த இரண்டு ஹோட்டல்களின் பழைய குழாய்களில் கோளாறு. கழிவுநீர் குடிநீரில் கலந்திருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நோய். 98 பேர் செத்தார்கள்!

2003ல் ஹாங்காங்கில் சார்ஸ் நோய் பரவியபோது ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறு பேருக்கு மேல் படுத்தார்கள். 42 பேர் இறந்தார்கள். நோய் பரவிய வழிகளில் ஒன்றாக ஆராய்ச்சியாளர்கள் காட்டியது எதைத் தெரியுமா? பாத்ரூம் தரையில் தண்ணீர் போகிற ஓட்டையை! அதற்கு அடியில் வளைவான பகுதி ஒன்று உண்டு. நம் ஊர் பிளம்பர்கள் 'நானி டிராப்' என்பார்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் மூடி. அது வற்றிவிட்டால் கழிவுக் குழாயின் காற்று நேராக வீட்டுக்குள் வந்துவிடும். உங்கள் வீட்டில் புழங்காத பாத்ரூம் இருந்தால் வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். நாற்றமும் வராது.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

குற்றவாளியைப் பிடிக்க போலீஸ் நாய் வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணிக்கு முன்னால் அரை மணி நேரம் போதும்.

முதலில் மேல் டேங்க். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒரு குச்சியை விட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் அதே குச்சியை விடுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் வீட்டுக்குள் எங்கோ கசிவு. மீட்டர் வைத்த வீடு என்றால் இன்னும் சுலபம். தண்ணீர் வருகிற நேரத்தில் எல்லாக் குழாயையும் மூடுங்கள். தொட்டிக்குப் போகிற வழியும் மூடியிருக்க வேண்டும். அப்படியும் மீட்டர் முள் சுற்றினால் மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே கசிகிறது என்று அர்த்தம்.

அடுத்தது கக்கூஸில் இருக்கிற ஃப்ளஷ் டேங்க். இதன் திருட்டுக்குச் சத்தமே இருக்காது. துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கொஞ்சம் டேங்குக்குள் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் அழுத்தக்கூடாது. கீழே கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் போய்விட்டது. மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது தரைத்தொட்டி. இதில்தான் ஆபத்து அதிகம். சாக்கடை ஓரமாக, செப்டிக் டேங்க் பக்கமாகத் தொட்டி கட்டியிருக்கிறோம். சுவரில் விரிசல் இருந்தால் நல்ல தண்ணீர் வெளியே போகும்; தொட்டி காலியாக இருக்கும்போது கெட்ட தண்ணீர் உள்ளே வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். மூடி தரையைவிட உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். இடுக்கு இல்லாமல் மூடுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும்.

நாலாவது வெயில். மொட்டைமாடியில் கிடக்கிற பி.வி.சி. குழாய் நம் ஊர் வெயிலில் வருஷக்கணக்காகக் காய்ந்தால் அப்பளமாகிவிடும். தட்டினால் உடையும். பெயிண்ட் அடித்துவையுங்கள்.

ஐந்தாவதாக ஒரு கேள்வி. திடீரென்று குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் ஓடினால், எந்த வால்வை மூட வேண்டும் என்று உங்கள் வீட்டு அம்மாவுக்குத் தெரியுமா? பிள்ளைகளுக்குத் தெரியுமா? அந்த வால்வை அவ்வப்போது திருகிப் பாருங்கள். வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் இறுகிப்போய் ஆபத்து நேரத்தில் அசையாது.

கடைசியாக, சாக்கடையைக் கடக்கிற அந்த இணைப்புக் குழாய். சாக்கடைக்குள் ஜாயிண்ட் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். ஒரே நீளக் குழாயாக, ஜாயிண்ட் இல்லாமல், சாக்கடைக்கு மேலே தூக்கிப் போடச் சொல்லுங்கள். அதற்கு வெளியே பெரிய குழாய் ஒன்றை உறைபோல மாட்டினால் இன்னும் நல்லது. தெரு இணைப்பைத் தொடுகிற வேலையை மாநகராட்சிக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள். அது முடிகிற வரைக்கும் குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள். வெறும் துணியில் வடிகட்டினால் கிருமி போகாது.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை

எல்லாப் பழியையும் வீட்டுக்காரர் தலையில் போட்டுவிட்டு அதிகாரிகளைத் தப்பவிட நான் தயாரில்லை. என்றைக்கு, எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே சொன்னால் பாதி மோட்டார் தானாக நிற்கும். வராதோ என்ற பயத்தில்தான் ஜனங்கள் உறிஞ்சுகிறார்கள். வரி வசூலிக்க வீடு வீடாக வருகிறவர்கள், வருஷத்துக்கு ஒருமுறை சாக்கடைக் கல்லையும் தூக்கிப் பார்க்கட்டும். எந்த வீட்டுக் குழாய் சாக்கடைக்குள் கிடக்கிறது என்று குறித்துக்கொண்டு போய், அபராதத்துக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை கொடுக்கட்டும். கடைசித் தெருக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அது இருக்கிறதா என்று நம் தெருவில் வந்து சோதித்துக் காட்டட்டும். கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் தெருவிலிருந்து நம் குடம் வரைக்கும் உள்ள அந்த இருபது அடிக் குழாய் நம்முடையது. அதை எந்த அதிகாரியும் வந்து பார்க்கமாட்டார். நாம்தான் பார்க்க வேண்டும்.

பூட்டுக்குப் பேர்போன ஊர் நம் ஊர். 2019ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது திண்டுக்கல் பூட்டு. முன் கதவு, பின் கதவு, பீரோ என்று தினமும் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறோம்.

இன்றைக்கு ராத்திரி பூட்டை இழுத்துப் பார்த்த பிறகு, ஒரே ஒரு நிமிஷம் பின்கட்டுக்குப் போய்க் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சொட்டு விழுகிற சத்தம் கேட்டால், திருடன் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டான் என்று அர்த்தம்!