வேலியிடுமுன் கேட்கப்பட வேண்டியது

திருகோணமலை, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் உல்லாசப் பயணிகள் நீராடுகின்றனர். பெற்றோரை இழந்த சைவர்களோ தலைமுறை தலைமுறையாக அந்தியேட்டிக் கிரியைகளுக்காக அங்கு சென்று வந்துள்ளனர். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செலுத்திய இடம் அது என்பது ஐதீகம். மண்வெட்டி கொண்டு அந்த ஐதீகத்தை எவரும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அங்கு பிள்ளைகள் தாய் தந்தையரை நினைத்து நீர் வார்த்திருக்கின்றார்கள். அவ்விடத்தின் புனிதத்துக்கு அதுவே போதுமான ஆதாரமாகும்.

சட்டத்தின் கணக்கு வேறு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லைக்கோடாகக் கொண்டு பழைமையை அளவிடுகின்றது. கல்லின் வயது பதிவாகின்றது. அதனருகே விளக்கேற்றியவர்கள் அத்துமீறியவர்களாகப் பார்க்கப்படுகின்றனர். கன்னியாவில் பிள்ளையார் ஆலயம் இருந்த மேட்டில் விகாரை அமைக்கும் முயற்சி, 2019இல் நீதிமன்றம் வரை சென்றது. ஜீலானி எனத் தலைமுறைகளாக முஸ்லிம்கள் தரிசித்துவந்த கூரகலவிலும் பிராமிக் கல்வெட்டுகள் உண்டு என்பது உண்மையே. ஆனால், அந்தக் கல்வெட்டுகள் பிற்காலத்து யாத்திரிகரின் துஆவைச் செல்லாததாக்கிவிடுமா? 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கான ஜனாதிபதிச் செயலணி நியமிக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை.

இவ்விடத்தில் நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பொம்பரிப்பின் ஈமத்தாழிகளையும், ஆனைக்கோட்டையின் பெருங்கற்காலப் புதைகுழியையும் மேடைகளில் காணி உறுதிகளைப் போல் உயர்த்திக் காட்டுகின்றோம். அங்கு உறங்கியவர்களுக்கு நம்மில் எவர் ஒரு பூவேனும் வைத்திருக்கின்றார்? பழைமையை உரிமைப் பத்திரமாக்குவதில் நாமும் அந்தச் செயலணியினருக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

பழைமை மாத்திரமே புனிதத்தைத் தருமாயின் ஓட்டமாவடியை எவ்வாறு விளக்குவது? கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களை எரித்தேயாக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்தது. தகனத்தை ஏற்காத முஸ்லிம்களின் ஜனாஸாக்களும் தீயிலிடப்பட்டன. 2021 மார்ச்சிலேயே ஓட்டமாவடியில் நல்லடக்கத்துக்கு இடமளிக்கப்பட்டது. அங்கே தாழியும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆயினும் முதலாவது ஜனாஸா இறக்கப்பட்ட அன்றே அம்மண் புனிதமாயிற்று. தந்தையின் கப்றைத் தேடி நெடுந்தூரம் பயணித்து வரும் மகனுக்கு அந்த நிலத்தின் வயது ஒரு பொருட்டல்ல.

தொல்லியல் சின்னங்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் வேலியிடுவதற்கு முன்னர், இங்கு யார் வருகின்றார்கள், எந்நாட்களில் வருகின்றார்கள், என்ன செய்கின்றார்கள் என்பதை அதிகாரிகள் அயலவரிடம் கேட்டு, எல்லைக்கற்களோடு சேர்த்து அதையும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்குச் சட்டப் பெறுமதி வழங்கும் திருத்தத்தையே தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கூட்டாகக் கோர வேண்டும்.