விபத்துக்குப் பிந்தைய கண்காணிப்பும் நோய்க் குறியீடும்: எங்கள் நிலைப்பாடு

நாங்கள் மருத்துவமனைகளின் ஆவணப் பிரிவில் வேலை செய்பவர்கள். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கேஸ் ஷீட் எங்கள் மேசைக்கு வருகிறது. டாக்டர் எழுதியதைப் படித்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் உரிய குறியீட்டைத் தேடிப் போடுகிறோம். நாங்கள் போடும் எழுத்தும் எண்ணும் காப்பீட்டு நிறுவனத்துக்கும், அரசின் கணக்குக்கும், சில சமயம் நீதிமன்றத்துக்கும் போய்ச் சேர்கின்றன. விபத்தில் சிக்கி, பரிசோதனைக்கும் கண்காணிப்புக்கும் சேர்க்கப்பட்டு, காயம் எதுவும் இல்லை என்று தெரிந்து வீடு திரும்புகிறவருக்கு என்ன குறியீடு போடுவது என்பதில் எங்கள் சங்கத்தின் முடிவை இங்கே அறிவிக்கிறோம்.

காயம் இல்லாதவருக்குக் காயத்தின் குறியீட்டைப் போட மாட்டோம். அவருக்கென்று பட்டியலில் உள்ள குறியீட்டையே போடுவோம். அந்தக் குறியீட்டைக் காரணம் காட்டி அவருடைய மருத்துவச் செலவை யாரும் மறுக்கக் கூடாது.

அப்படி ஒரு குறியீடு இருப்பதே பல மருத்துவமனைகளில் மறந்துபோயிருக்கிறது. போக்குவரத்து விபத்துக்குப் பின் பரிசோதித்துக் கண்காணித்தால் இசட்04.1, வேலையிட விபத்து என்றால் இசட்04.2, மாடிப்படியில் விழுந்த குழந்தை போன்ற மற்ற விபத்துகளுக்கு இசட்04.3. மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: விபத்து நடந்தது, ஆளை முறையாகப் பார்த்தோம், காயம் தென்படவில்லை.

கண்காணிப்பை வெறும் படுக்கை வாடகையாகப் பார்ப்பவர்கள் அந்த இரவில் என்ன நடக்கிறது என்பதை அறிய வேண்டும். பேருந்து உரசி பைக்கிலிருந்து விழுந்த ஒருவர் எழுந்து நிற்கிறார், தெளிவாகப் பேசுகிறார், நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவில் 15-க்கு 15 வாங்குகிறார். அதோடு அனுப்பிவிட முடியாது. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே ரத்தம் கசிகிறவர்களில் சிலர் முதல் சில மணி நேரம் நன்றாகவே இருப்பார்கள். பிறகு திடீரென்று நினைவு தப்பும். மண்ணீரலில் விழுந்த சிறு கீறல் வெளியே தெரியாத ஊமைக்காயமாக இருந்து பின்னால் வெடிக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு லேசான அடியே ஆபத்து. இதற்காகத்தான் செவிலியர் இரவெல்லாம் கண்ணின் பாவையில் டார்ச் அடித்துப் பார்க்கிறார், நாடியும் ரத்த அழுத்தமும் குறிக்கிறார். தேவைப்பட்டால் வயிற்றுக்கு ஸ்கேன், தலைக்கு சி.டி. எடுக்கிறார்கள். கடைசியில் 'ஒன்றுமில்லை' என்று சொல்ல முடிவது இத்தனை வேலையின் பலன்.

இதில் சிக்கல் காப்பீட்டில் தொடங்குகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளை ஒரே மாதிரியாக வகுத்தது. அதில் நான்காம் எண் விலக்கு, பரிசோதனைக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே சேர்க்கப்பட்டால் செலவு கிடையாது என்கிறது. உடம்பு முழுவதையும் செக்கப் செய்துகொள்ளத் தாமே வந்து படுப்பவரைத் தடுக்க அந்த விதி நியாயமானது. ஆனால் இசட்04.1 என்ற குறியீட்டின் பெயரிலேயே 'பரிசோதனை', 'கண்காணிப்பு' என்ற சொற்கள் இருக்கின்றன. அதைப் பார்த்ததும், காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. மேசையில் கோரிக்கை தள்ளுபடியாகிறது. தள்ளுபடிக்குப் பயந்து மருத்துவமனையின் பில்லிங் பிரிவிலிருந்து எங்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்: எஸ்06.0 என்று போட்டுவிடுங்கள், மூளை அதிர்ச்சி, பாஸாகிவிடும்.

சொல்பவர்களில் பலர் நோயாளியின் பணத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறார்கள் என்பதை அறிவோம். ஆனாலும் மறுக்கிறோம். அந்த ஒரு குறியீடு பில்லோடு நின்றுவிடுவதில்லை. எதிரே வந்த வண்டியின் ஓட்டுநர்மீது வழக்குப் பதிவாகும்போது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவில் காயமா, கொடுங்காயமா என்பதைப் பொறுத்தே தண்டனை மாறுகிறது. மருத்துவ ஆவணத்தில் இல்லாத காயம் ஏறினால் ஒரு மனிதர் செய்யாத குற்றத்துக்குப் பதில் சொல்ல நேரலாம். நோயாளிக்கும் நன்மை இல்லை. ஆபா என்ற சுகாதாரக் கணக்கு எண்ணோடு இணைந்த மின்பதிவில் 'தலைக்காயம்' என்று ஏறிவிட்டால், பின்னாளில் ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதற்கு அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே திருத்த வேண்டியது குறியீட்டை அல்ல, விதியின் பயன்பாட்டை. விபத்துக்குப் பின் அவசரப் பிரிவில் மருத்துவர் முடிவெடுத்துச் சேர்க்கும் கண்காணிப்பு நான்காம் எண் விலக்குக்குள் வராது என்று ஆணையம் தெளிவாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்தைத்தான் காக்க வேண்டிய நேரமாக எடுத்துக்கொண்டது. மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுத் திட்டமும் சாலை விபத்துக்கு 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை தருகிறது. இரண்டிலும் காயம் இல்லாமல் முடிந்த கண்காணிப்பும் சிகிச்சையாகவே கணக்கில் வர வேண்டும். காயம் இல்லை என்பது விடிந்த பிறகுதான் தெரியும். சேர்க்கும்போது யாருக்கும் தெரியாது.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது, அதையும் நாங்கள் ஏற்கவில்லை. 'ஆர்.டி.ஏ., அப்சர்வேஷன்' (சாலை விபத்து, கண்காணிப்பு) என்று ஒரே வரியில் டிஸ்சார்ஜ் சம்மரி வந்தால், இசட்04.1 போட்டு மூடிவிடுவது எளிது. உச்சந்தலையில் வீக்கம் இருந்தால் அது காயம், அதற்கு எஸ்00.0 உண்டு. காயம் தெரியாவிட்டாலும் வீட்டுக்குப் போகும்போது தலைவலி தீரவில்லை என்றால் ஆர்51 என்று அந்த அறிகுறியையே குறிக்க வேண்டும். சிராய்ப்பு சின்னது என்பதற்காக அதை விழுங்கிவிட எங்களுக்கு உரிமை இல்லை. மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் மூன்றாம் மணி நேரத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியவருக்கும் இசட்04.1-ஐச் சும்மா போடக் கூடாது. கண்காணிப்பு முடியவில்லை என்ற குறிப்பு கூடவே இருக்க வேண்டும்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு ஒரு வேண்டுகோள். இசட்04.1 சொல்வது, வீட்டுக்கு அனுப்பிய அந்த நேரம் வரை காயம் தென்படவில்லை என்பதை மட்டுமே. முதியவர்களுக்கு மூளை உறைக்கடியில் மெல்லக் கசியும் ரத்தம் வாரக்கணக்கில் கழித்தும் வெளிப்படுவதுண்டு. அப்படி ஒருவர் மறுபடி சேர்க்கப்பட்டால் அந்தச் சேர்க்கைக்குத் தனிக் குறியீடு வரும். முதல் குறியீட்டை எடுத்துக் காட்டி இரண்டாவதைப் பொய் என்று வாதிட்டால் அதை ஏற்கக் கூடாது.

தொழிற்சாலைகளிலும் கட்டடப் பணியிடங்களிலும் நிலைமை வேறு விதம். சாரத்திலிருந்து விழுந்த தொழிலாளியை அழைத்து வருகிறவர்கள், 'ஒன்றுமில்லை, பதிவு வேண்டாம்' என்கிறார்கள். பதிவு வேண்டும். இசட்04.2 இல்லாமல் போனால், அடுத்த மாதம் அவருக்கு வலி வரும்போது அவர் அங்கே விழுந்தார் என்பதற்கே சான்று இருக்காது.

இன்னொன்றை நாங்கள் மிகவும் முக்கியமாகக் கருதுகிறோம். நம்முடைய விபத்துக் கணக்குகளில் இறந்தவர்கள் இருக்கிறார்கள், காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள். தலைக்கவசத்தால் தப்பியவர், சீட் பெல்ட்டால் தப்பியவர் அந்தக் கணக்குகளில் கிட்டத்தட்ட இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் அவர்களுடைய தடம் இசட்04.1-ல்தான் இருக்கிறது. அதைக் காயமாக மாற்றி எழுதும்போது, ஒரு தலைக்கவசம் காப்பாற்றிய உயிர் தலைக்கவசம் காப்பாற்றாத உயிராகப் பதிவாகிறது.

அந்தத் தடம் பயன்பட வேண்டுமானால் விபத்து எப்படி நடந்தது என்பதும் எழுதப்பட வேண்டும். பைக் ஓட்டியவர் பேருந்தோடு மோதினால் வி24.4, பின்னால் உட்கார்ந்திருந்தவர் என்றால் வி24.5. எங்களுக்கு வரும் தாள்களில் வெறும் 'ஆர்.டி.ஏ.' என்றிருந்தால், வகை தெரியாத வாகன விபத்து என்று வி89.2 போடுவதைத் தவிர வழியில்லை. வி வரிசைக் குறியீடுகள் காயம்பட்டவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது உண்மை. ஆனாலும் காயமின்றித் தப்பியவருக்கும் அதே விவரத்தைத் துணைக்குறியீடாகப் பதிய சுகாதாரத் துறை அனுமதிக்க வேண்டும். விபத்துப் பதிவேட்டை (ஏ.ஆர்.) எழுதும் மருத்துவர் ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்: என்ன வண்டி, எதில் மோதியது, ஓட்டினாரா பின்னால் இருந்தாரா, தலைக்கவசம் இருந்ததா.

மருத்துவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம். சம்மரியில் 'அப்சர்வேஷன்' என்று நிறுத்திவிடாமல், எதைச் சந்தேகித்தீர்கள், எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள், எதைக் கொண்டு இல்லை என்று முடிவு செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். அப்படி எழுதிய தாளை டி.பி.ஏ.வும் எளிதில் தள்ள முடியாது. எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதை நோயாளிக்குப் புரியும் தமிழில் சேர்த்துக் கொடுங்கள்.

நிர்வாகங்களுக்கு: குறியீட்டை மாற்றச் சொல்லும் எந்த உத்தரவும் இனி எங்களுக்கு எழுத்தில் வர வேண்டும். சிகிச்சை அளித்த மருத்துவர் கேஸ் ஷீட்டில் காரணம் எழுதித் தேதியோடு கையெழுத்திட்டிருந்தால் மாற்றுவோம். வாய்மொழியாகச் சொல்வதையும் தொலைபேசியில் சொல்வதையும் எங்கள் உறுப்பினர்கள் ஏற்க மாட்டார்கள். அதற்காக அவர்களில் ஒருவர்மீது நடவடிக்கை எடுத்தாலும் சங்கம் அவர் பக்கம் நிற்கும்.