பணிவா? பயமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் முன்னர் படித்த மாணவர் ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வீட்டுக்கு வந்தார். மாவனல்லையில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஏழு வருடங்களாகக் கணக்கு எழுதுபவர். மனைவி உள்ளே சென்றதும், சட்டைப் பையிலிருந்து பத்திரிகைத் துண்டொன்றை எடுத்து என் முன்னே வைத்தார். கண்டியிலுள்ள ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு உதவியாளர் ஒருவர் தேவையாம். இப்போது பெறுவதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சம்பளம். முடிவுத் திகதிக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.

"போடுவதா விடுவதா என்று விளங்கல்ல மௌலவி. நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும்."

"என்ன தயக்கம் மகன்?"

"இங்கிலீஷ் எழுதுவேன், பேச வராது. அங்க வாறவங்க எல்லாம் பெரிய இடங்களில் படிச்சவங்களா இருப்பாங்க. ரிஸ்க் அல்லாஹ் எழுதினதுதானே. இருக்கிறதைக் கொண்டு திருப்திப்படுவோம் என்றும் நினைக்கிறேன்."

கேட்பதற்கு நல்ல வார்த்தைகள்தாம். போதுமென்ற மனம் பெரிய செல்வம் என்று நானே எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் திருப்தியடைந்தவர் விளம்பரத்தை வெட்டியெடுத்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக் கொண்டு அலைய மாட்டார். அந்த மடிப்புகள் தேய்ந்து போயிருந்தன. அது எனக்கு விளங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

சில வருடங்களுக்கு முன் அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சைக்கான அறிவித்தல் வெளியானபோது, நானும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன். கையொப்பமும் இட்டேன். பின்னர் அதை ஒரு கிதாபுக்குள் வைத்து மூடிவிட்டேன். முடிவுத் திகதி கடந்தது. கேட்டவர்களிடம், "பதவியைக் கேட்டுப் பெறக்கூடாது என்று ஹதீஸ் இருக்கிறதல்லவா?" என்றேன். எல்லோரும் என் பேணுதலை மெச்சினார்கள். உண்மை என்னவென்றால், அரபுக் கல்லூரியில் ஓதிய எனக்கு நிருவாகப் பாடம் வராது, பெறுபேறு வந்தால் ஆசிரியர் அறையில் என் பெயர் இல்லாதது தெரிந்துவிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு ஹதீஸைப் போர்வையாகப் போர்த்தினேன். பதவி கிடைக்காதது பற்றி எனக்குக் கவலையில்லை. போர்வை பற்றித்தான் கவலை.

அந்த ஹதீஸ் உண்மையானது. அது ஆட்சிப் பொறுப்பை ஆசைப்பட்டுத் தேடுவதைப் பற்றியது. ஆனால் அதே மார்க்கத்தில்தான் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறும் இருக்கிறது. எகிப்து மன்னரிடம், களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் தருமாறு அவர்களே கேட்டார்கள். தாம் பாதுகாப்பவர், விடயம் அறிந்தவர் என்று இரண்டு தகைமைகளையும் சொன்னார்கள். உள்ளதை உள்ளபடி சொல்வது பெருமையல்ல.

மூஸா (அலை) அவர்களோ தமக்கு நாவு சரளமில்லை என்றார்கள். தம்மைக் கொன்று விடுவார்களோ என்ற அச்சத்தையும் மறைக்கவில்லை. ஆனால் "என்னால் முடியாது" என்று திரும்பிவிடவில்லை. உள்ளத்தை விரிவாக்கும்படியும், சகோதரர் ஹாரூனைத் துணைக்குத் தரும்படியும் கேட்டார்கள். குறையைச் சொல்லி விலகுவது ஒன்று. குறையைச் சொல்லி உதவி கேட்பது வேறொன்று.

அபூதர் (ரலி) அவர்களின் சம்பவத்தையும் மாணவருக்கு நினைவூட்டினேன். தமக்கொரு பொறுப்புத் தரக்கூடாதா என்று அவர்கள் கேட்டபோது, நீர் பலவீனமானவர், அது ஓர் அமானிதம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மறுத்து விட்டார்கள். இதைப் பலரும் பின்வாங்குவதற்கு ஆதாரமாக எடுக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள். அபூதர் (ரலி) கேட்டார்கள். மறுப்பு வந்தது. அதனால் அவர்களுடைய அந்தஸ்து ஓர் அணுவும் குறையவில்லை. அவர்களை எடை போட்டது அவர்களுடைய சொந்த அச்சமல்ல. அவர்களை நன்கறிந்தவர் போட்ட எடை அது.

"அப்படியென்றால் என்னை நன்கறிந்தவர் யார்?" என்று மாணவர் கேட்டார்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. திரைக்கு அப்பால் என் வீட்டாரோடு பேசிக் கொண்டிருந்த அவருடைய மனைவி, "மௌலவி, முதலாளி வெளிநாடு போயிருந்த மூன்று மாசமும் கடைக் கணக்கு முழுக்க இவர்தான் பார்த்தது. ஒரு சதம் பிழைக்கல்ல. அதை இவர் யார்கிட்டயும் சொல்ல மாட்டார்" என்றார்.

மாணவர் தலையைக் குனிந்து கொண்டார். இந்தச் செய்தி எனக்கும் புதிது!

பிறகு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தோம். ஒரு பக்கத்தில் அவர்கள் கேட்பவை, மறு பக்கத்தில் இவரிடம் இருப்பவை. கேட்டிருந்தவை ஐந்து. மூன்று முழுமையாக இருந்தன. கணினிக் கணக்கு மென்பொருள் அரைகுறை. ஆங்கிலப் பேச்சு குறைவு. இந்த இரண்டும் படித்தால் வரக்கூடியவை. நாணயம் அப்படி வருவதல்ல. அது இவரிடம் ஏற்கனவே இருக்கிறது.

சம்பளத் தொகையை மட்டும் ஒப்பிட வேண்டாம் என்றும் சொன்னேன். பஸ் கட்டணம், பகலுணவு, வீட்டிலிருந்து பிரிந்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் செலுத்தும் 12 வீதத்தையும், நம்பிக்கை நிதிக்குரிய 3 வீதத்தையும் கூட்ட வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. பின்னர் அந்த வேகம் தணிந்தாலும், ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. பால்மா வாங்கும் வீட்டில் கூடுதல் சம்பளம் தேடுவதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? பறவைகூட காலையில் பசியோடு கூட்டை விட்டுப் புறப்படுகிறது. மாலையில் வயிறு நிறைந்து திரும்புகிறது. அதைத்தான் நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உதாரணமாகக் காட்டினார்கள்.

"இஸ்திகாராத் தொழுதேன், கனவொன்றும் காணல்ல" என்றார் மாணவர். நம்மவர் பலரிடம் இந்த எண்ணம் இருக்கிறது. இஸ்திகாரா பற்றிய ஹதீஸில் கனவு பற்றிய பேச்சே இல்லை. ஒரு காரியத்தை நாடியவர் இரண்டு ரக்அத் தொழுது, நன்மையானால் எளிதாக்கும்படியும் தீமையானால் திருப்பிவிடும்படியும் கேட்கிறார். நடக்கத் தொடங்கியவருக்குத்தான் பாதை திறப்பதும் அடைபடுவதும் தெரியும்.

விண்ணப்பிக்காமல் இருக்க நியாயமான காரணங்களும் உண்டு. தொழிலில் ஹராம் கலந்திருக்கலாம். நோயாளியான உம்மாவை விட்டுப் போக முடியாதிருக்கலாம். அவற்றை மதிக்க வேண்டும். "என்னை வேண்டாமென்று சொல்லி விடுவார்களோ" என்பது மட்டுமே காரணமென்றால், அவர்கள் சொல்ல வேண்டிய பதிலை நாமே முந்திக் கொண்டு சொல்வானேன்?

இரண்டு விடயங்களை மட்டும் வற்புறுத்தினேன். ஒன்று, விண்ணப்பத்தில் இல்லாததை எழுத வேண்டாம். ஆங்கிலப் பேச்சு பழகிக் கொண்டிருக்கிறேன் என்றே எழுதுங்கள். மற்றது, வேலை கிடைத்தால் இப்போதைய முதலாளிக்கு முறைப்படி அறிவித்து, கணக்கைச் சரியாக ஒப்படைத்து விட்டுச் செல்லுங்கள்.

மூன்றாம் நாள், பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. முகவரி எழுதியது மனைவியாம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. வரும் பதில் எதுவாயினும், அந்தத் துண்டு இனி அவருடைய சட்டைப் பையில் இல்லை.

என்னுடைய படிவம் இன்னும் அந்தக் கிதாபுக்குள்தான் இருக்கிறது. அடுத்த அறிவித்தல் வரும்போது, வயதெல்லை இடம் தந்தால், இன்ஷா அல்லாஹ் புதிய படிவமொன்றை நிரப்புவேன். உங்கள் வீட்டிலும் ஏதாவதொரு கிதாபுக்குள் ஒரு தாள் மடிந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

வஸ்ஸலாம்.