பாஸ்புக்கும் மூச்சுப் பயிற்சியும்

மணலூர்பேட்டைப் பக்கத்துச் சேரிப் பையன் ஒருத்தன். கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான் குமாஸ்தாவாக இருக்கிற வங்கிக்கு வாரத்துக்கு மூணு தடவை வருவான். பாஸ்புக்கை நீட்டுவான். "அண்ணே, விழுந்துடுச்சா?" உதவித்தொகையைத்தான் கேட்கிறான். எந்திரம் ஒரு வரி அடிக்கும்: எஸ்.எம்.எஸ். கட்டணம் பிடித்தம் 17 ரூபாய் 70 காசு.

அவன் கல்லூரியில் 'மன அழுத்த மேலாண்மை' என்று கூட்டம் போட்டார்களாம். விடிகாலையில் எழு, நேர அட்டவணை போடு, மூச்சை இழுத்து விடு. "இழுக்கிறேண்ணே. ஃபீஸ் கட்டாதவங்க பேரை வகுப்புல வாசிக்கிறப்ப விட மறந்துடுறேன்" என்றான்.

தூக்கம் கெடுவது, சோறு இறங்காதது, வகுப்புக்குப் போக மறுப்பது எல்லாம் அறிகுறிகள்தான், மறுக்கவில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் பள்ளிக்குப் போகாமல் நின்றான். கூடப் படித்த சாதி இந்துப் பையன்களின் தொல்லை. அதைப் பள்ளியில் வாய்திறந்து சொன்னான். 9ஆம் தேதி ராத்திரி வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கச்சிக்கும் வெட்டு. 'மனசு விட்டுப் பேசு' என்கிறார்களே, நம்ம பிள்ளை பேசினதுக்குக் கொடுத்த விலை இது. 2024இல் அவன் 600க்கு 469 எடுத்ததும் மன உறுதி, மன உறுதி என்று எல்லாரும் கைதட்டினார்கள்!

நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, அகர வரிசையில் உட்கார வை. அய்யா, இதுதான் அழுத்த மேலாண்மை. கயிறு கட்டினவன் நிம்மதியாகத் தூங்குவான், வெட்டுப்பட்டவனுக்கு மூச்சுப் பயிற்சியா?

அதுக்காகத் தூங்காமல் கிடக்காதீங்க தோழர்களே. தூக்கமின்மையைக் கலகம் மாதிரி நானும் கவிதை எழுதினவன்தான், அது அசட்டுத்தனம். சாகத் தோன்றினால் அன்றைக்கே 14416க்குப் போன் போடுங்க, வெட்கப்பட ஒன்றுமில்லை. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பவனைத் தட்டி எழுப்புங்க. அவன் பாஸ்புக்கையும் வாங்கிப் பாருங்க.

நான் பார்க்கவில்லை. மூணு மாசம் வரி மட்டும் அடித்துக் கொடுத்தேன். ஒருநாள் அவன் கை நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் உட்கார வைத்து, ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று தேடினோம். உதவித்தொகை ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் போகும். பள்ளிக்கூட நாளில் வேறொரு வங்கியில் திறந்து மறந்துபோன கணக்கோடு அது இணைந்து கிடந்தது. பணம் அங்கே இரண்டு மாசமாகக் கிடக்கிறது. கல்லூரியில் அவன் பேரை அதுவரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.