கூப்பிடு தூரத்தில் ஒரு தாத்தா

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (தாவரவியல்)

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணி. எங்கள் ஊர் ஆலமரத்தடியில் டவுன் பஸ் வந்து நிற்கும் நேரம். என் தாத்தா ஒன்பது மணிக்கே குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஏரிக்கரை வளைவில் ஹாரன் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவார். எழுபத்து நான்கு வயது முழங்கால் அந்த நேரத்தில் மட்டும் அவருக்கு வலிப்பதில்லை! பஸ்ஸிலிருந்து என் அத்தையும், எட்டு வயதுப் பேத்தியும், ஆறு வயதுப் பேரனும் இறங்குவார்கள். அத்தை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். பிள்ளைகளோ வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆளுக்கு ஒரு கையாகத் தாத்தாவைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

‘தாத்தா பேரப்பிள்ளைகளோடு நடப்பது ஒரு செய்தியா? இதைக் கல்லூரி மலரில் எழுத வேண்டுமா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி மூன்று மாத காலம் இந்த நடை நின்றுபோயிற்று. நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய செய்தி என்பது எனக்கு விளங்கியது. ஆகவே எழுதுகிறேன்.

கூப்பிடு தூரம் என்னும் செல்வம்

தூரத்தை அளக்க நம் முன்னோர் கையாண்ட சொற்களில் ‘கூப்பிடு தூரம்’ என்பதும் ஒன்று. ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவர் காதில் விழும் தூரம் அது. அத்தை வாழ்க்கைப்பட்ட நகரம் எங்கள் ஊரிலிருந்து பதினொரு கிலோமீட்டர். குரல் எட்டாது, ஆனால் பஸ் எட்டும். 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பின்பு, அத்தைக்கும் அவர் மகளுக்கும் பயணச் செலவு இல்லை. பையனுக்கு மட்டும் அரை டிக்கெட். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் வாரம் ஒருமுறை தாய்வீடு வர முடிகிறதென்றால் அதற்கு இதுவே காரணம்.

தாத்தாமார் இன்று மூன்று வகையாக இருக்கிறார்கள். பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருப்பவர் ஒரு வகை. இவர்களிற் பலர், சம்பளம் இல்லாமல் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆளாக ஆகிவிடுகிறார்கள். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, கைப்பேசித் திரையில் பேரன் முகம் பார்ப்பவர் இரண்டாம் வகை. மூன்றாம் வகையினர் கூப்பிடு தூரத்தில் இருப்பவர். இவருக்குக் கட்டாயக் கடமையும் இல்லை, காண முடியாத ஏக்கமும் இல்லை. பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், விளையாடுகிறார்கள், மாலையில் போய்விடுகிறார்கள். மூவரிலும் நற்பேறு பெற்றவர் இவரே என்பது என் கருத்து. ஆனால் இந்தப் பேற்றைத்தான் நாம் மிக எளிதாகத் தொலைத்துவிடுகிறோம். ‘பக்கத்தில்தானே இருக்கிறார், அடுத்த வாரம் போனால் போயிற்று’ என்ற நினைப்பு, கடலைவிடப் பெரிய தூரத்தை உண்டாக்கிவிடுகிறது.

வகுப்பறை இல்லாத வகுப்பு

அவர்கள் நடக்கும் வழி எனக்கு மனப்பாடம். தெருக்கோடி டீக்கடை பெஞ்சில் முதல் நிறுத்தம். ‘என் பேத்தி, என் பேரன்’ என்று, வாராவாரம் பார்க்கும் அதே நான்கு பேரிடம் வாராவாரம் அறிமுகம்! பிறகு பூவரச மரம். தாத்தா ஒரு முற்றிய இலையைப் பறித்து, சுருட்டி, நுனியை நசுக்கிக் கொடுப்பார். பையன் ‘பீப்பீ’ என்று ஊதுவான். அதற்கப்பால் ஏரிக்கரை. கோடையில் வெட்டிப்போட்ட நுங்குக் கூந்தலில் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி; காற்றடிக்கும் காலத்தில் பனையோலைக் காற்றாடி; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால், கலங்கலில் நீர் வழிவதை எட்ட நின்று வேடிக்கை பார்த்தல்.

கரையோரத்தில் தொட்டாற்சுருங்கிச் செடி உண்டு. தொட்டவுடன் அதன் இலைகள் மடங்குவது ஏன்? இலைக்காம்பின் அடியிலுள்ள புல்வினஸ் என்ற பருத்த பகுதியின் உயிரணுக்கள் நீரை இழந்து, அழுத்தம் குறைவதால் மடங்குகின்றன. இதைப் பருவத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். என் அத்தை மகனோ அதைத் தொட்டுத் தொட்டு, திரும்ப விரிய எவ்வளவு நேரமாகிறது என்று ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணச் சொன்னவர் தாத்தா. எருக்கங்காய் வெடித்துப் பஞ்சோடு விதை பறப்பதையும், நெருஞ்சி முள் காலில் குத்தி ஊர்விட்டு ஊர் போவதையும் அந்தப் பிள்ளைகள் பார்த்தே அறிந்திருக்கிறார்கள். விதை பரவுதல் என்ற பாடத்தை நான் பதினெட்டு வயதில் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர்கள் ஆறு வயதில் கால் கட்டைவிரலில் வாங்கிக்கொண்டார்கள்!

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது, வீட்டில் ஒவ்வொருவரும் என்ன படித்தார்கள் என்று கேட்டிருந்தது. தாத்தாவின் பெயருக்கு நேரே ‘படிக்கவில்லை’ என்று சொல்லி எழுத வைத்தவன் நான்தான். படிவத்துக்கு அது சரி. ஆனால் அந்தச் சொல்லை நான் மனத்திலும் எழுதிக்கொண்டுவிட்டேன். ஒருநாள் கல்லூரி நண்பர்களோடு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, தாத்தா தோளில் துண்டும் வாயில் பூவரச இலைப் பீப்பியுமாக, பிள்ளைகளுக்குச் சரியாக ஊதிக்கொண்டு வந்தார். நான் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் என்னைப் பார்க்காதவர்போலக் கடந்துபோனார். யார் படித்தவர், யார் படிக்காதவர் என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

எழுபது வயதில் வந்த இளமை

தாத்தாவிடம் ஒருமுறை கேட்டேன், ‘எங்க அப்பாவையும் இப்படித்தான் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போவீங்களா தாத்தா?’ என்று. அவர் சிரிக்கவில்லை. ‘உங்கப்பனை நான் எங்கடா தூக்கினேன்? விடியறதுக்குள்ள ஏர் பூட்டப் போயிடுவேன். பொழுது சாய்ஞ்சு வந்தா அவன் தூங்கிக் கிடப்பான்’ என்றார். சற்று நேரம் கழித்து, ‘எனக்கு ஆறு வயசில மாடு மேய்க்கிற வேலை. நான் ஆடினதும் இல்ல, ஆட வச்சதும் இல்ல’ என்றார்.

தோழர்களே, இதுதான் நான் சொல்ல வந்த செய்தி. பேரப்பிள்ளைகளுடன் தாத்தா விளையாடுவதை நாம் பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரம் என்று எண்ணுகிறோம். உழைத்தே வாழ்ந்த ஏழை எளியவர்களுக்கு அது வேறு ஒன்று. தமக்குக் கிடைக்காத பிள்ளைப் பருவத்தையும், தாம் பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாமற்போன நேரத்தையும் அவர்கள் அந்த ஒரு மைல் நடையில் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறுகிறார்கள். அது அவர்களுக்கு வரவேண்டிய கூலிப் பாக்கி. அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை.

அறிவியலும் சட்டமும்

டான்சானியா நாட்டில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸ் என்னும் மானிடவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆராய்ச்சி செய்தார்கள். முதிய பாட்டிமார் அகழ்ந்து தரும் கிழங்கு, பால்குடி மறந்த பேரப்பிள்ளைகளைக் காப்பதைக் கண்டார்கள். மனித இனத்தின் முதுமைக்காலம் இவ்வளவு நீண்டிருப்பதற்கே இந்த உதவி ஒரு காரணமாகலாம் என்று 1998-இல் எழுதினார்கள். இதனை மறுக்கும் அறிஞர்களும் உண்டு. எனினும், முதியவரைப் ‘பயன் முடிந்தவர்’ என்று நினைப்போர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களைக் காக்க 2007-ஆம் ஆண்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் வாழ வழியற்ற தாத்தா பாட்டியும் தம் பிள்ளைகளிடமும், வயது வந்த பேரப்பிள்ளைகளிடமும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை தர உத்தரவிடலாம். நல்ல சட்டம்தான். ஆனால் ‘வாரம் ஒருநாள் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவும்’ என்று எந்தத் தீர்ப்பாயம் உத்தரவிடும்? சட்டம் சோற்றுக்கு வழி செய்யும்; ஞாயிற்றுக்கிழமையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

மூன்று மாத மௌனம்

சென்ற ஜூனில் அத்தை பிள்ளைகளை ஞாயிறு காலை நடக்கும் ஒரு தனி வகுப்பில் சேர்த்தார். தாத்தா மட்டும் வழக்கம்போல ஒன்பது மணிக்குத் திண்ணைக்கு வந்தார். பஸ் வரும், போகும், அவர் எழுந்து உள்ளே போவார். முழங்கால் வலி எல்லா நாளும் வரத் தொடங்கியது. நான் அத்தையிடம் போய்ப் பேசினேன். ‘நீ மட்டும்தான் படிச்சு ஆளாகணுமா? என் புள்ளைங்க வேணாமா?’ என்று கேட்டார். எனக்கு வாயடைத்துவிட்டது. படிக்க வழியில்லாமல் பத்தாம் வகுப்போடு நின்றவர் அத்தை. அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது.

வழக்கை முடித்தவர் தாத்தாவே. செப்டம்பரில் ஒரு ஞாயிறு, யாரிடமும் சொல்லாமல் டிக்கெட் வாங்கிப் பஸ் ஏறிவிட்டார். விசாரித்துக்கொண்டே போய், வகுப்பு நடந்த கட்டடத்தின் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். பிள்ளைகளை அழைக்க வந்த அத்தை, வேட்டி மடியில் நான்கு பூவரச இலைகளோடு அப்பா வெயிலில் நிற்பதைப் பார்த்தார். அதே வகுப்பு சனிக்கிழமை மாலையிலும் நடப்பது அன்றுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது! படிப்பும் நின்றுவிடவில்லை; நடையும் மீண்டும் தொடங்கிற்று.

தடை சொல்வோர்க்கு

தெருவில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன, நாய்கள் திரிகின்றன, ஏரியில் ஆழம் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். அதற்காகத்தான் நம்மைப்போன்ற இருபது வயதுக்காரர்கள் இருக்கிறோம். இப்போது நானும் பின்னால் நடக்கிறேன். மதகுப் பக்கம் பிள்ளைகள் இறங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. முதியவருக்கு ஓய்வுதானே வேண்டும் என்பாரும் உளர். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்க்கும் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாத்தாவுக்கு அதைச் சொல்லும் மருத்துவர்கள் என் அத்தையின் இரு பிள்ளைகளே. முடியாத முதியவரை இழுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி புளியங்கொட்டையை மூடி ‘ஒற்றையா, இரட்டையா?’ கேட்கவும் முடியுமல்லவா?

அன்புத் தோழர்களே! நம் கல்லூரியில் என்னைப்போல் வீட்டுக்கு முதல் பட்டதாரிகளாகப் பலர் இருக்கிறோம். பட்டம் பெற்று எங்கெங்கோ செல்லப்போகிறோம். அதற்குள் உங்கள் வீட்டுச் சிறுவர்களை, கூப்பிடு தூரத்தில் இருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒரு ஞாயிறு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் நடக்கட்டும். நீங்கள் பின்னால் நடந்து பாருங்கள். பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: தாவரம் சேகரிக்கும் களப்பயணத்தை ஒருமுறை எங்கள் ஏரிக்கரையில் வைக்க வேண்டுகிறேன். வழிகாட்ட ஆள் இருக்கிறார். படிவத்தில் நான் தவறாக எழுதிவிட்ட ஒருவர்.